பெரேரா: பேரி மரத்தில் தொடங்கிய பெயர்

கேள்வி இதுதான்: "எங்கள் குடும்பப் பெயர் பெரேரா, ஊர் நீர்கொழும்புப் பக்கம். போர்த்துக்கேய இரத்தம் என்கிறார் சித்தப்பா. மரத்தின் பெயரைக் கொண்டவர்கள் எல்லாம் யூத வம்சம் என்று இணையத்தில் எழுதியிருக்கிறார்கள். குடும்பச் சின்னம் என்று கேடயம் வரைந்த படச்சட்டம் வேறு விற்கிறார்கள். எது உண்மை? நம் வேரைத் தேடுவதென்றால் எங்கே தொடங்குவது?"

பெயர் போர்த்துக்கேயம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெயர் இரத்தத்துக்குச் சாட்சி இல்லை. உங்கள் முன்னோர் ஒருவர் போர்த்துக்கேயர் ஆண்ட காலத்திலோ அதற்குப் பிறகோ ஞானஸ்நானம் பெற்றார், அப்போது இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதற்கு மட்டும் சாட்சி. முன்னோரைத் தேடும் வேலையில், உங்கள் முழுப்பெயரில் மிகக் குறைவாக உதவும் பகுதி 'பெரேரா'தான். ஏன் என்று பார்ப்போம்.

சொல்லின் பொருள் எளிது. போர்த்துக்கேய மொழியில் 'பேரா' என்றால் பேரிக்காய். பழத்தின் பெயரோடு 'எய்ரா' சேர்ந்தால் அதன் மரம். அத்தி காய்ப்பது 'ஃபிகெய்ரா', ஒலிவம் காய்ப்பது 'ஒலிவெய்ரா', பேரி காய்ப்பது 'பெரெய்ரா'. வேர் லத்தீனில் இருக்கிறது. இந்தப் 'பேரா' நம் பக்கத்துக்கும் கப்பலேறி வந்த சொல்தான். இலங்கைச் சந்தையில் பேரி இல்லாததால், வடிவத்தில் கொஞ்சம் ஒத்த கொய்யா அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. சிங்களத்தில் இன்றும் கொய்யா 'பேர'. மராத்தியிலும் கொங்கணியிலும் 'பேரு'. ஆக, பெரேராவைக் கொய்யா மரம் என்று கேலி செய்தால் மொழிநூலின்படி அது முழுப் பிழையும் அல்ல.

மரத்தின் பெயர் மனிதருக்கு நேராக வரவில்லை, நிலம் வழியாக வந்தது. பேரி மரம் நின்ற தோட்டம், பண்ணை, சிற்றூர் எல்லாம் முதலில் பெரெய்ரா ஆயின. போர்த்துக்கலின் வடக்கிலும், அதை ஒட்டிய ஸ்பானியப் பகுதியான கலீசியாவிலும் இந்தப் பெயருள்ள இடங்கள் ஏராளம். பார்செலோஸ், மொன்தெமோர்-ஓ-வெல்யோ வட்டாரங்களில் இன்றும் பெரெய்ரா என்ற பங்குகள் உண்டு. அங்கிருந்து வந்தவர் 'தெ பெரெய்ரா', அதாவது பெரெய்ரா ஊர்க்காரர். நம்மில் சிலர் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் 'தெ' உதிர்ந்துவிட்டது. 'த சில்வா'வில் அது உதிரவில்லை. சில்வாவும் காட்டைக் குறிக்கும் இடப்பெயர்தான்.

எத்தனை ஊர்களோ அத்தனை பெரெய்ராக்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே மூதாதை கிடையாது. இதை மனதில் இருத்திக்கொண்டால் கேடயச் சின்னத்துக்கான பதில் தானே வந்துவிடும். அந்தச் சின்னம், சிவப்புத் தளத்தில் முனைகள் பூ விரிந்த வெள்ளிச் சிலுவை, ஒரேயொரு பிரபுக் குடும்பத்துக்கு உரியது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வட போர்த்துக்கலின் மினோ பகுதியில், இன்றைய ஃபமலிகாவோ நகரத்தை அடுத்த பெரெய்ரா பண்ணையின் பெயரைச் சூடிக்கொண்ட குடும்பம் அது. 1348இல் இறந்த பிராகா பேராயர் கொன்சாலோ பெரெய்ரா அந்த வம்சத்தவர். அவருடைய பேரன்தான் நூனோ ஆல்வரெஸ் பெரெய்ரா (1360–1431). 1385 ஓகஸ்ட் 14ஆம் திகதி அல்ஜுபர்ரோத்தாவில் காஸ்தீலியப் படையை முறியடித்துப் போர்த்துக்கலின் தனியாட்சியைக் காத்த தளபதி. கடைசிக் காலத்தில் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு, லிஸ்பனில் தானே கட்டிய கார்மெல் மடத்தில் துறவியானார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருடைய மகள் பெயாத்ரிஸ், அரசர் முதலாம் ஜுவாவோவின் மகன் அஃபோன்சோவை மணந்தார். அந்த வழியில் வந்ததுதான் 1640 முதல் 1910 வரை போர்த்துக்கலை ஆண்ட பிரகன்சா வம்சம்.

பெருமைக்குரிய கதைதான். ஆனால் அந்தத் தளபதியின் பண்ணையில் குத்தகைக்கு உழுதவரும் பெரெய்ரா, அடுத்த ஊர்ப் பேரி மரத்தடிக்காரரும் பெரெய்ரா. படச்சட்டம் போட்டு விற்கும் கடைக்காரருக்கு இந்த வேறுபாடு தேவையில்லை. சுவருக்கு அழகாக இருந்தால் வாங்கி மாட்டுங்கள், ஆவணம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

அடுத்து யூதக் கதை. பெரெய்ரா, ஒலிவெய்ரா, கர்வால்யோ (ஓக் மரம்) என்று மரப் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் மறைந்து வாழ்ந்த யூதர் என்ற நம்பிக்கை பிரேசிலிலும் போர்த்துக்கலிலுமே பரவலாக இருக்கிறது. இது தலைகீழான வாதம். நடந்தது என்ன? 1496 டிசம்பரில் அரசர் மனுவேல் யூதர்களை நாடு கடத்த ஆணையிட்டார், 1497இல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார். மாறியவர்கள் புதுக் கிறிஸ்தவர் எனப்பட்டனர். கூட்டத்தில் கரைந்து போக வேண்டியவர் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பார்? தனித்துத் தெரியாத பெயரைத்தான். ஊரெங்கும் பெரெய்ரா இருந்ததால் அவர்களும் பெரெய்ரா ஆனார்கள். அதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயரில் ஒரு பேராயர் இருந்ததைச் சற்று முன் பார்த்தோம். யூதரைக் காட்டிக்கொடுக்கும் பெயராக இருந்திருந்தால் ஒளிந்து வாழ நினைத்தவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

யூதப் பெரெய்ராக்கள் இருந்தது உண்மையே. ஆம்ஸ்டர்டாம், பிரான்சின் பொர்தோ, லண்டன் நகரங்களில் குடியேறி வெளிப்படையாக யூதராகத் திரும்பிய குடும்பங்களில் இந்தப் பெயர் உண்டு. காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்பித்த ஜாக்கப் ரொட்ரிகெஸ் பெரெய்ரா (1715–1780) பிரான்சில் புகழ்பெற்றவர். அவருடைய பேரன்மார் எமீல், இசாக் இருவரும் பிரெஞ்சு வழக்கில் 'பெரேர்' ஆகி, 1852இல் கிரெடி மொபிலியே வங்கியைத் தொடங்கினார்கள். இவர்கள் யூதர் என்று நமக்குத் தெரிவது யூத சபைப் பதிவேடுகளாலும், கத்தோலிக்க மத விசாரணை மன்ற வழக்கேடுகளாலும்தான். செஃபார்திய (ஸ்பெயின், போர்த்துக்கல்) யூத வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தரும் வழியைப் போர்த்துக்கல் 2015இல் திறந்தபோது, பெயரை வைத்தே கடவுச்சீட்டு வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர்கள் பலர். வெறும் குடும்பப் பெயர் எப்போதும் போதுமானதாக இருந்ததில்லை, 2022இல் விதி இன்னும் இறுகிவிட்டது. அப்படி யாராவது அழைத்தால் பணம் கட்டாதீர்கள்.

இனி நம் கடற்கரை. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவர் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றது 1535–37இல். பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது 1542இல். ஞானஸ்நானம் என்றால் ஞானத்தகப்பன் ஒருவர் வேண்டும். அவர் போர்த்துக்கேயப் படைவீரராக, மாலுமியாக, வணிகராக, அதிகாரியாக இருப்பார். முதற்பெயரைப் புனிதரின் பெயரிலிருந்தும், குடும்பப் பெயரை ஞானத்தகப்பனிடமிருந்தோ திருமுழுக்கு அளித்த குருவிடமிருந்தோ எடுத்துக்கொள்வது வழக்கம். அரசனும் இதற்கு விலக்கல்ல. கோட்டை மன்னன் தர்மபாலன் 1557இல் மதம் மாறியபோது போர்த்துக்கல் அரசரின் பெயரைச் சூடி 'தொம் ஜுவாவோ' ஆனான். அரசனுக்கு அரசன் பெயர், மீனவனுக்கு மாலுமியின் பெயர்.

கோவாவில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஊர் ஊராக, நாள் குறித்துக் கூட்டமாகத் திருமுழுக்கு நடந்தது. ஒரே வீட்டின் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஞானத்தகப்பன்மாரிடம் போயிருந்தால் ஒருவர் பெரெய்ரா, மற்றவர் சோசா. அதே நாளில் அந்தப் பெயரைப் பெற்ற அயல்வீட்டுக்காரரோ இரத்த உறவே இல்லாத பெரெய்ரா. ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து வந்து இலங்கைக் கத்தோலிக்கரைக் காத்த புனித யோசேப்பு வாஸ் (1651–1711) இதற்குத் தக்க சான்று. வாஸ் பச்சைப் போர்த்துக்கேயப் பெயர், ஆளோ கொங்கணிப் பிராமணக் குடும்பத்தவர்.

ஒலி எப்படி மாறியது என்பதும் ஒரு சுவையான செய்தி. தென் போர்த்துக்கலில் 'எய்' என்ற கூட்டொலியைச் சுருக்கி 'ஏ' என்பார்கள். 'பெரெய்ரா' அவர்கள் வாயில் 'பெரேரா'. பிரேசிலின் பேச்சு வழக்கிலும் இதே கதை. ஆகவே இலங்கை வடிவம் சிதைவு அல்ல, கப்பலில் வந்தவர் சொன்னபடியே நின்றுவிட்ட ஒலி என்று கொள்ள நல்ல இடமிருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் 'பெரைரா' என்று எழுதுகிறார்கள். அது லிஸ்பன்காரர் இன்று சொல்லும் ஒலிக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கம். இலங்கையில் ஆங்கில எழுத்துக்கூட்டலே ஒரு குறிப்புத் தரும்: நடுவில் 'ஐ' எழுத்தை விடாமல் பெரெய்ரா என்று எழுதும் வழக்கம் பறங்கியர், கொழும்புச் செட்டிகள் குடும்பங்களில் கூடுதல். 'ஐ' இல்லாத பெரேராக்கள் பெரும்பாலும் சிங்களவர். இது பொதுப்போக்கு மட்டுமே. எழுதுநர் கைவண்ணத்தால் ஒரே குடும்பத்தில் இரண்டு வடிவமும் வரும்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரிடம் ஏன் இந்தப் பெயர்கள் குறைவு என்று சிலர் கேட்பார்கள். அங்கே தகப்பன் பெயரை முன்வைக்கும் தமிழ் வழக்கு அசையவில்லை. போர்த்துக்கேயம் முதற்பெயருக்குள் மட்டும் நுழைந்தது. செபஸ்தியாவோ 'வஸ்தியாம்பிள்ளை' ஆனார், சந்தியாகோ 'சந்தியாப்பிள்ளை' ஆனார், மனுவேல் 'மனுவேற்பிள்ளை' ஆனார். தென்மேற்குக் கரையில் குடும்பப் பெயர் ஒட்டியது, வடக்கில் ஒட்டவில்லை. இரண்டு பக்கமும் ஆண்டது அதே போர்த்துக்கேயர்தான்.

இன்றைய பரவலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் மிகப் பரவலான முதல் பத்துக் குடும்பப் பெயர்களில் பெரெய்ரா ஒன்று. பிரேசிலில் குடியேறிகளோடு நின்றுவிடாமல், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் பூர்வகுடிகளும் திருமுழுக்கிலும் விடுதலையிலும் இத்தகைய பெயர்களைப் பெற்றார்கள். ஆப்பிரிக்காவில் கேப் வெர்டேயின் முதல் குடியரசுத் தலைவர் அரிஸ்தீதெஸ் பெரெய்ரா (பதவியில் 1975–1991). கினி-பிசாவில் 1984 மே மாதம் மூன்று நாள் நாட்டுத் தலைமையை இடைக்காலமாக ஏற்றவர் கார்மென் பெரெய்ரா என்ற பெண்மணி. கோவா, மங்களூர், மும்பை, கேரளக் கரையின் லத்தீன் கத்தோலிக்கர், மலாக்கா, மக்காவ், கிழக்குத் திமோர் என்று பழைய கப்பல் பாதை நெடுகப் பெயர் கிடக்கிறது. 1960களுக்குப் பின் வேலை தேடிப் போனவர்களால் பிரான்சிலும் லக்சம்பர்க்கிலும் பெருகியது. இலங்கையில் பெரேரா மிகப் பொதுவான குடும்பப் பெயர்களில் ஒன்று. இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா (1905–1979) முதல் 2019இல் டர்பனில் ஆட்டமிழக்காமல் 153 ஓட்டம் எடுத்துத் தென்னாப்பிரிக்காவை வீழ்த்திய குசல் பெரேரா வரை எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை.

மூன்று பொறிகளைக் கவனியுங்கள். முதலாவது, கட்டலான் மொழியிலும் 'பெரேரா' என்றால் பேரி மரம். ஸ்பெயின், கியூபா, மெக்சிகோவில் பெரேரா என்று கண்டால் அது தனியே முளைத்த கட்டலான் பெயராக இருக்கலாம், இலங்கையோடு தொடர்பே இருக்காது. இரண்டாவது, அர்ஜென்டினாவில் பெரெய்ரா என்பது நடுவில் 'ஐ'க்குப் பதில் 'வை' எழுத்தோடு வரும், தேடுபொறி இரண்டையும் ஒன்றாகக் காட்டாது. மூன்றாவது, அமெரிக்காவில் அசோர்ஸ், மதேய்ரா தீவுகளிலிருந்து மசாசூசெட்சுக்கும் ஹவாயிக்கும் போன பெரெய்ராக்களில் பலர் 'பெர்ரி' ஆகிவிட்டார்கள். அங்கே உறவினரைத் தேடுபவர் பெர்ரியையும் தேட வேண்டும்.

இப்போது உங்கள் தேடலுக்கு வருவோம். சிங்கள வழக்கில் முழுப்பெயர் இப்படி இருக்கும். மாதிரிக்கு நானே கோத்த பெயர் இது: 'வன்னிஆரச்சிகே தொன் ஜுவானிஸ் பெரேரா'. கடைசியில் இருப்பது ஞானஸ்நானத்தில் வந்தது. ஜுவானிஸ் முதற்பெயர். தொன் போர்த்துக்கேயர் காலத்து மரியாதைப் பட்டம், பிறகு வெறும் பெயராகத் தேய்ந்தது. முன்னால் நிற்பதுதான் தங்கம்: 'கே' என்றால் வீடு, 'வன்னி ஆரச்சியின் வீட்டார்' (ஆரச்சி ஊர்த் தலைமைப் பதவி). இதை வாசகமப் பெயர் என்பார்கள். முன்னோரின் பதவியோ தொழிலோ ஊரோ அதில் உறைந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், அன்றாட வழக்கில் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கி 'பெரேரா'வை மட்டும் முழுதாக எழுதுகிறோம். தேட வேண்டியது எழுத்தாகச் சுருங்கிவிட்டது, உதவாதது முழுதாக நிற்கிறது. வாசகம வேறான இரண்டு பெரேராக்கள் தந்தைவழியில் ஒரே குடும்பமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வாசகம ஒன்றாக இருந்து ஒருவர் பெரேரா, மற்றவர் பர்னாந்து என்றால் அங்கே தோண்டிப் பாருங்கள்.

எனவே முதல் வேலை, உயிரோடிருக்கும் மூத்தவர்களின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களிலிருந்து சுருக்காத முழுப்பெயரைப் படியெடுப்பது. இலங்கையில் அரசுப் பதிவு 1867இல் தொடங்கியது. அது வரை மாவட்டப் பதிவகம் கைகொடுக்கும். பழைய பதிவைக் கேட்கும்போது ஆண்டு தெரியாவிட்டால் இரண்டிரண்டு ஆண்டாகப் பிரித்து விண்ணப்பியுங்கள். ஆண்டைக் குத்துமதிப்பாக ஒன்று மட்டும் எழுதிக் கொடுத்தால் 'பதிவு இல்லை' என்று ஒரு வரியில் திரும்பி வரும்.

1867க்கு முன்னால் பங்குக் கோவிலின் ஞானஸ்நான, திருமண ஏடுகள். நீர்கொழும்புப் பக்கம் என்றால் குடும்பம் எந்தப் பங்கில் இருந்தது என்பதை உறுதி செய்துவிட்டுப் போங்கள். பெரிய பங்குகள் பின்னாளில் இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும், பழைய ஏடு தாய்ப்பங்கில்தான் கிடக்கும். அதற்கும் முன்னால் ஒல்லாந்தர் தோம்பு, அதாவது காணி, குடும்பப் பதிவேடு. கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கும் இந்த ஏடுகளில் நிலத்தோம்பு காணியைச் சொல்லும், தலைத்தோம்பு வீட்டிலிருந்த ஆட்களை உறவுமுறையோடு சொல்லும். மொழி ஒல்லாந்தம், பெயர்கள் ஒல்லாந்த எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். இங்கே பெரேரா என்று தேடினால் மூழ்கிவிடுவீர்கள். ஊர்ப் பெயரைப் பிடித்து, அந்த ஊரின் பக்கங்களில் 'கே' பெயரைத் தேடுங்கள். 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்தும் போர்த்துக்கேயப் பெயர்கள் அழியவில்லை. காணியும் வாரிசுரிமையும் அந்தப் பெயர்களிலேயே ஏடேறின.

தோம்புக்கு அப்பால் போர்த்துக்கலுக்குத் தாவ நினைப்பவர்கள் அந்த நாட்டு வழக்கையும் அறிய வேண்டும். அங்கே தாயின் குடும்பப் பெயர் முன்னும் தந்தையின் பெயர் கடைசியிலுமாக வரும், இன்றைய விதிப்படி நான்கு குடும்பப் பெயர்கள் வரை வைக்கலாம். ஆனால் 1911இல் அரசுப் பதிவு கட்டாயமாகும் முன்னர் இது எதுவும் உறுதியில்லை. குழந்தையின் திருமுழுக்கு ஏட்டில் முதற்பெயர் மட்டும் இருக்கும். வளர்ந்த பின் ஒரு பிள்ளை தந்தை பெயரையும், இன்னொன்று பாட்டியின் பெயரையும், மகள்கள் 'தெ ஜெசுஸ்' போன்ற பக்திப் பெயரையும் எடுத்துக்கொள்வார்கள். போர்த்துக்கலிலேயே பெயர் நிலைத்து நிற்காதபோது, 16ஆம் நூற்றாண்டில் ஏதோ ஒரு கப்பலில் வந்த ஞானத்தகப்பன் பெரெய்ராவின் வம்சத்தை அடையாளம் காண்பது ஏறக்குறைய நடவாத காரியம். கண்டாலும் அவர் உங்கள் பாட்டனார் இல்லை.

சித்தப்பா சொல்வது போல் கலப்பு இருந்திருக்காதா என்றால், இருந்திருக்கலாம். போர்த்துக்கேய ஆண்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்த குடும்பங்கள் உண்டு, பறங்கியர் சமூகத்தின் ஒரு பகுதி அப்படி உருவானதே. ஆனால் அதைப் பெயர் சொல்லாது. மரபணுச் சோதனையும் அரைகுறையாகத்தான் சொல்லும்: பதினைந்து தலைமுறைக்கு முந்திய ஒரே ஒரு மூதாதையின் பங்கு இன்று உங்களிடம் ஒன்றும் எஞ்சாமல் போயிருக்கலாம். நேர் ஆண்வழியை மட்டும் காட்டும் ஒய் குரோமோசோம் சோதனை, அதையும் தந்தைவழி ஆண் உறவினர் ஒருவர் கொடுத்தால், கொஞ்சம் தெளிவான விடை தரும்.

பங்குக் கோவிலில் ஏட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால் குழந்தையின் பெயரிருக்கும் வரியை மட்டும் படமெடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பக்கம் முழுவதையும் எடுங்கள், முக்கியமாக ஞானப்பெற்றோர் பெயரெழுதிய கட்டத்தை. அங்கே வரும் ஆட்கள் பெரும்பாலும் மாமன், அத்தை, அண்ணன் முறையினர். ஒரே தம்பதியின் நான்கைந்து பிள்ளைகளுக்கு யார் யார் ஞானப்பெற்றோர் என்று வரிசைப்படுத்தினாலே தாய்வழிக் குடும்பத்தின் வாசகமப் பெயர் பல நேரம் தெரிந்துவிடும்.